டப்ளின் பிரகடனத்தில் சிங்கப்பூரும் சேர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் குண்டு, எறிகணை, ராக்கெட் போன்ற வெடி ஆயுதங்களைப் பயன்படுத்துவதால் பொதுமக்களுக்கு நேரும் கேட்டைக் குறைப்பதற்கான அரசியல் பிரகடனம் 2022 நவம்பர் 18ஆம் தேதி அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் ஏற்கப்பட்டது. அன்றே 80க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புதல் தந்தன. இந்தோனீசியா, மலேசியா, பிலிப்பீன்ஸ், கம்போடியா, லாவோஸ் ஆகிய ஆசியான் நாடுகளும் அவற்றில் அடங்கும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இடம்பெறவில்லை. அது சேர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், சேர்ந்தால் என்னென்ன வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் உங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் பிரகடனம் என்ன கேட்கிறது என்பது தெளிவாக வேண்டும். அது எந்த ஆயுதத்தையும் தடை செய்யவில்லை. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் இல்லை. பொதுமக்களுக்கும் அவர்களின் உடைமைகளுக்கும் தீங்கு நேரும் என்று எதிர்பார்க்கப்படும்போது, மக்கள் வாழும் பகுதிகளில் வெடி ஆயுதப் பயன்பாட்டைப் பொருத்தமான வகையில் கட்டுப்படுத்தும் அல்லது தவிர்க்கும் கொள்கைகளையும் நடைமுறைகளையும் ஆயுதப் படைகள் கடைப்பிடிக்க வேண்டும் என்கிறது. தாக்குதலைத் திட்டமிடும்போது நேரடி விளைவுகளோடு முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய மறைமுக விளைவுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும், தாக்குதலுக்குப் பின் சேதத்தை மதிப்பிட்டுப் பாடம் கற்க வேண்டும், வெடிக்காமல் கிடப்பவற்றை அகற்ற வேண்டும், பாதிக்கப்பட்டோருக்கு உதவ வேண்டும், விவரங்களைத் திரட்டி இயன்றவரை வெளியிட வேண்டும். சுருக்கமாக இவ்வளவுதான். "பொருத்தமான வகையில்" என்ற சொற்கள் தளர்வானவை, பலத்த பேரத்துக்குப் பிறகு உள்ளே வந்தவை. அதைக் குறை என்றே நாங்களும் கருதுகிறோம். ஆனால் சேரத் தயங்கும் நாட்டுக்கு அந்தத் தளர்வு ஒரு தடையாக இருக்க முடியாது.

இந்த ஆயுதங்கள் நகரத்தில் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் அளவுகோல் உண்டு. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து வான்குண்டு ஒன்று கிடைத்தது. எடை 100 கிலோ. அதன் உறை எடையைக் கழித்தால் உள்ளே இருக்கும் வெடிமருந்து இன்னும் குறைவு. வேறிடத்துக்குக் கொண்டுபோவது ஆபத்து என்பதால் 26ஆம் தேதி அங்கேயே வெடிக்கவைத்து அழித்தார்கள். அதற்கு முன் 200 மீட்டர் ஆரத்துக்குள் வசித்த 4,000க்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். சாலைகள் மூடப்பட்டன. குண்டைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, நிபுணர்கள் நிதானமாகச் செய்த வேலை அது.

200 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதில் 4,000 பேர் என்றால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 32,000 பேர் வருகிறது. தீவு முழுமைக்குமான சராசரி 8,000 சொச்சம். அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) பேட்டைகளில் நாம் சராசரியைவிட நாலு மடங்கு நெருக்கத்தில் வாழ்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு 100 கிலோ குண்டுக்கு, அதுவும் இன்று யாரும் எவர்மீதும் வீசாத பழைய குண்டுக்கு, இவ்வளவு முன்னேற்பாடு தேவைப்பட்டது. இன்றைய போர்களில் வீசப்படும் சாதாரண வான்குண்டுகள் 227 கிலோவும் 907 கிலோவும். முன்னதில் சுமார் 90 கிலோ வெடிமருந்தும் பின்னதில் 400 கிலோவுக்கு மேலும் இருக்கும்.

வெடிப்பின் வீச்சு வெடிமருந்து எடையின் கனமூலத்தைப் பொறுத்து விரியும். எட்டு மடங்கு வெடிமருந்து வைத்தால் அதே அழுத்தம் இருமடங்கு தூரத்துக்கு எட்டும். 227 கிலோ குண்டுக்குப் பதில் 907 கிலோ குண்டைத் தேர்ந்தெடுத்தால் ஆபத்து வட்டத்தின் ஆரம் சுமார் 1.7 மடங்காகிறது, பரப்பில் பார்த்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு. நெருக்கமான நகரத்தில் குண்டின் அளவைத் தேர்ந்தெடுப்பதே எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்பதைத் தீர்மானிக்கும் முதல் முடிவு. 2024 மே மாதம் காஸாவின் ராஃபா நகர்மீதான தாக்குதலை முன்னிட்டு அமெரிக்கா இஸ்ரேலுக்கு அனுப்பவிருந்த 907 கிலோ குண்டுகளை நிறுத்திவைத்தபோது சொல்லப்பட்ட கவலையும் இதுதான்: மக்கள் அடர்ந்த இடத்தில் அந்த அளவு குண்டு என்ன செய்யும் என்பது. அந்த நிறுத்தம் பின்னர் விலக்கப்பட்டது வேறு விஷயம்.

மேற்சொன்ன கனமூலக் கணக்கு வெட்டவெளிக்கு உரியது. தெருவில் நிலைமை மோசம். வெடிப்பலை சுவரில் நேராக மோதும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைந்தது இரட்டிப்பாகும். இரண்டு உயர்ந்த கட்டட வரிசைகளுக்கு நடுவே அலை பக்கவாட்டில் சிதற வழியில்லாமல் தெருவோடு ஓடும். மனிதரின் செவிப்பறை கிழியத் தொடங்குவது 35 கிலோபாஸ்கல் அழுத்தத்தில். ஜன்னல் கண்ணாடி உடைவதற்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அதனால்தான் நகரத் தாக்குதல்களில் வெடித்த இடத்திலிருந்து பல தெரு தள்ளி இருப்பவர்கள்கூடக் கண்ணாடிச் சில்லால் கண்ணை இழக்கிறார்கள்.

"துல்லிய ஆயுதம் இருக்கும்போது என்ன கவலை" என்று கேட்பவர்கள் உண்டு. துல்லியம் என்பது குண்டு எங்கே விழும் என்பதைப் பற்றியது. விழுந்த பிறகு எவ்வளவு தூரம் கொல்லும் என்பதை அது குறைப்பதில்லை. 2017 மார்ச் 17 அன்று ஈராக்கில் மேற்கு மோசுலின் அல்-ஜடீடா பகுதியில் ஒரு வீட்டில் இருந்த, ஐஎஸ் அமைப்பின் இரண்டு குறிபார்த்துச் சுடுவோரைத் தாக்க 227 கிலோ வழிகாட்டப்பட்ட குண்டு ஒன்று வீசப்பட்டது. குறி தப்பவில்லை. கட்டடம் முழுவதும் இடிந்தது. உள்ளே தஞ்சம் புகுந்திருந்த குடும்பங்களில் 101 பேரும் பக்கத்துக் கட்டடத்தில் 4 பேரும் மாண்டதாக அமெரிக்க ராணுவத்தின் சொந்த விசாரணையே பின்னர் அறிவித்தது. ஐஎஸ் அமைப்பு அங்கே வைத்திருந்த வெடிபொருள் சேர்ந்து வெடித்ததே கட்டடம் இடியக் காரணம் என்று அந்த விசாரணை சொன்னது. அப்படியே வைத்துக்கொண்டாலும் மூலக் குறை மாறவில்லை. இரண்டு பேருக்காக வீசப்பட்ட குண்டு, உள்ளே யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது என்பது தெரியாமலே வீசப்பட்டது.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2015 ஜூன் தொடக்கத்தில், ஈராக்கின் ஹவிஜா நகரில் நெதர்லாந்து விமானப் படை எஃப்-16 விமானங்கள் ஐஎஸ் அமைப்பின் வெடிகுண்டுத் தொழிற்கூடம் ஒன்றைத் தாக்கின. அங்கே குவிந்திருந்த வெடிமருந்து வெடித்து அக்கம்பக்கத் தெருக்கள் தரைமட்டமாயின. 70க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். நெதர்லாந்து அரசு தன் பங்கை 2019இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பக்கச் சேதத்தை, அதாவது இலக்குக்கு அக்கம்பக்கத்தில் பொதுமக்களுக்கு நேரும் சேதத்தை, முன்மதிப்பிட அமெரிக்கா தலைமையிலான கூட்டணிகள் ஐந்து படிநிலைகள் கொண்ட ஒரு கணக்குமுறையைக் கையாள்கின்றன. இலக்கு என்ன, சுற்றிலும் எத்தனை கட்டடம், அவை எதனால் கட்டப்பட்டவை, எந்த ஆயுதம், அதை எப்போது வெடிக்கவைக்கும் எந்த முனைப்பொறி, எத்தனை பேர் இருக்கக்கூடும் என்று அது படிப்படியாகப் போகிறது. நல்ல முறைதான். ஆனால் இலக்குக்குள் இருக்கும் பொருள் சேர்ந்து வெடிப்பதை அது கணக்கிடுவதில்லை. ஆயுதம் பழுதடைவதையும் சேர்ப்பதில்லை. தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் அறுந்தால் மறுவாரம் என்னவாகும் என்பதும் அதில் வராது. கணக்குமுறையில் இல்லாததைத் திட்டமிடுபவர் தானாக யோசிக்கப்போவதில்லை. டப்ளின் பிரகடனம் "மறைமுக விளைவுகளையும் கணக்கில் கொள்" என்று சொல்வதன் நடைமுறைப் பொருள் இந்த ஓட்டையை அடைப்பதே.

பீரங்கியின் கதை வேறு. அங்கே சிக்கல் குண்டின் அளவில் மட்டும் இல்லை, அது எங்கே விழும் என்பதிலும் இருக்கிறது. 155 மில்லிமீட்டர் எறிகணை ஒன்று சுமார் 43 கிலோ எடை, உள்ளே 7 கிலோ அளவுக்கு வெடிமருந்து. வழிகாட்டும் கருவி இல்லாத எறிகணையை 25 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுட்டால், சுடப்பட்டவற்றில் பாதி விழும் வட்டத்தின் ஆரமே 100 மீட்டரைத் தாண்டும். இதைப் படிக்கும் பலர் எல்லாக் குண்டும் அந்த வட்டத்துக்குள் விழும் என்று நினைத்துவிடுகிறார்கள். மற்றப் பாதி வெளியேதான் விழும். முனையில் பொருத்தும் திசைதிருத்தும் கருவி அந்த ஆரத்தை 50 மீட்டருக்குள் கொண்டுவரும். குழாய்த் தேய்மானம், உந்துமருந்தின் வெப்பநிலை, மேல்வெளிக் காற்றைப் பற்றிய பழைய தகவல், இவற்றில் ஒன்று பிசகினாலும் விலகல் கூடும்.

இன்னொன்றும் உண்டு. பீரங்கிப் படையினர் முதல் குண்டிலேயே இலக்கைத் தொடுவார்கள் என்று எதிர்பார்ப்பதில்லை. ஒன்றைச் சுட்டு, பார்வையாளர் சொல்லும் திருத்தத்தின்படி முன்னும் பின்னும் இடமும் வலமும் நகர்த்தி இலக்கை நெருங்குவது வழக்கமான முறை. பயிற்சித் திடலில் அந்தத் திருத்தக் குண்டுகள் புல்லில் விழும். நகரத்தில் அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வீட்டில் விழும். 122 மில்லிமீட்டர் கிராட் ராக்கெட் வாகனம் 20 விநாடிகளில் 40 ராக்கெட்டுகளை விடுவிக்கும். ஒரு பரப்பையே நிரப்புவதற்காக உருவான ஆயுதம் அது. அதை ஊருக்குள் சுட்டுவிட்டு இலக்கைத்தான் குறிவைத்தோம் என்று சொல்வதற்கு இடமே இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையும் அதிகம் இல்லை. 2009இல் வன்னியில் என்ன நடந்தது என்பதை ஐநா தலைமைச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் பதிவு செய்தது. இலங்கை அரசு தானே அறிவித்த தாக்குதலற்ற வலயங்களுக்குள்ளும், புதுக்குடியிருப்பு மருத்துவமனை உட்பட மருத்துவமனைகள்மீதும் எறிகணைகள் விழுந்தன என்றும், இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்களில் பெரும்பாலோர் அரசுப் படையின் எறிகணை வீச்சால் மாண்டனர் என்றும் அக்குழு கூறியது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் கேடயமாக வைத்திருந்ததையும், மக்கள் தங்கியிருந்த இடங்களுக்கு அருகிலிருந்து பீரங்கி சுட்டதையும் அதே அறிக்கை சொன்னது. மாண்டோர் 40,000 வரை இருக்கலாம் என்பது அக்குழுவின் மதிப்பீடு. இலக்கு எது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. எந்த ஆயுதம், எந்தத் தூரத்திலிருந்து, எத்தனை மக்கள் நெருங்கியிருந்த இடத்தில் என்ற கேள்விதான் முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

நேரடிச் சாவைவிட நீண்டு கொல்வது நகரத்தின் உறுப்புகள் அறுந்துபோவது. உக்ரேனின் மிக்கலாயிவ் நகருக்கு நீப்ரோ ஆற்றிலிருந்து நன்னீர் கொண்டுவந்த குழாய் 2022 ஏப்ரலில் சண்டையில் சேதமடைந்தது. அதன் பிறகு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக அந்நகரக் குழாய்களில் உப்புநீர் வந்தது. உப்பு நீர் பழைய குழாய்களை அரித்து, ஊர் முழுக்கக் கசிவுகள். குடிநீருக்கு மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். ஒரு குழாயின் ஒரு பகுதி போனதன் விலை அது.

நம் நிலையை எண்ணிப் பாருங்கள். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கடல்நீரைக் குடிநீராக்க ஒரு கனமீட்டருக்குச் சுமார் 3.5 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டரும் மின்சாரமின்றி இயங்காது. வீவக புளோக்குகளில் மேல்மாடிகளுக்குத் தண்ணீர் பம்ப் மூலம் கூரைத் தொட்டிக்கு ஏறி அங்கிருந்து இறங்குகிறது. மின்சாரம் போனால் தொட்டி காலியாகும்வரைதான் தண்ணீர். மின்தூக்கி நின்றால் இருபதாவது மாடியில் இருக்கும் முதியவர் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போக முடியாது. துணைமின் நிலையத்தின் பெரிய மின்மாற்றி கடையில் வாங்கும் பொருள் அல்ல. சொல்லிவைத்துச் செய்து வரவழைக்கப் பல மாதங்கள் ஆகும். இத்தகைய நாட்டுக்கு "மறைமுக விளைவு" என்பது ஐநா அறைகளில் மட்டும் பேசப்படும் சொல்லாக இருக்க முடியாது.

நம் சொந்த வரலாறும் இதையே சொல்கிறது. 1941 டிசம்பர் 8 விடியற்காலையில் ஜப்பானிய விமானங்கள் தெங்கா, சிலேத்தார் விமானத் தளங்களைக் குறிவைத்து வந்தன. குண்டுகள் ராஃபிள்ஸ் பிளேசிலும் சைனாடவுனிலும் விழுந்தன. 61 பேர் மாண்டனர். அரசாங்கம் இதை மறக்கவில்லை. 1998 முதல் கட்டப்படும் வீடுகளில் தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் கொண்ட வீட்டுப் புகலிடம் கட்டாயம். எம்ஆர்டி நிலையங்கள் பலவற்றில் பொதுப் புகலிடங்கள் உண்டு. ஆண்டுதோறும் பிப்ரவரி 15இல் அபாயச் சங்கு ஒலிக்கிறது. குண்டு விழுந்தால் மக்களை எப்படிக் காப்பது என்று நாம் எத்தனையோ கோடிகளைச் செலவிட்டு யோசித்திருக்கிறோம். குண்டு ஊருக்குள் விழக்கூடாது என்ற உலக நெறியை வலுப்படுத்துவதும் அதே தற்காப்பின் பகுதிதான். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

இனி எதிர்வாதங்கள். கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலும் கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்திலும் சேராததற்குச் சிங்கப்பூர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் காரணம் ஒன்றே. மனிதநேய முயற்சிகளை ஆதரிக்கிறோம், ஆனால் நாடுகளின் நியாயமான பாதுகாப்புக் கவலையையும் தற்காப்பு உரிமையையும் புறக்கணிக்க முடியாது என்பது அந்த நிலைப்பாடு. நிலப்பரப்பு குறைந்த, பின்வாங்க இடமில்லாத நாட்டுக்கு அந்தக் கவலை நியாயமானது என்பதை நாங்கள் ஏற்கிறோம். ஆனால் அதே வாதம் இங்கே பொருந்தாது. அந்த இரண்டு ஒப்பந்தங்களும் ஆயுதத்தையே கைவிடச் சொல்கின்றன. டப்ளின் பிரகடனம் ஒரு பீரங்கியையும் கைவிடச் சொல்லவில்லை.

தென்கொரியாவைப் பாருங்கள். எல்லையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் தலைநகர் சோல். வடகொரியப் பீரங்கிகளின் நிழலில் வாழும் நாடு. கண்ணிவெடி ஒப்பந்தத்திலும் இல்லை, கொத்துக்குண்டு ஒப்பந்தத்திலும் இல்லை. இருந்தும் டப்ளினில் ஒப்புதல் தந்தது. அமெரிக்காவும் அப்படியே. போரில் பொதுமக்களைக் காக்கும் 1977ஆம் ஆண்டு ஜெனிவா கூடுதல் நெறிமுறைகளை நாம் ஏற்கவில்லை என்பதும் தடையில்லை. அமெரிக்காவும் அவற்றில் இல்லை, ஆனாலும் டப்ளின் பட்டியலில் இருக்கிறது.

இதைவிட வலுவான வாதம் நம் கூட்டாளிகளிடமிருந்து வருகிறது. 1971இல் உருவான ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர் உள்ளன. மற்ற நான்கும் டப்ளினில் கையெழுத்திட்டுவிட்டன. நம் பீரங்கிப் படை நியூசிலாந்தின் வையூருவில் சுடுகிறது. ஹைமார்ஸ் ராக்கெட் பிரிவு ஓக்லஹோமாவின் ஃபோர்ட் சில்லில் பயிற்சி பெறுகிறது. ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாநிலத்தில் ஆயுதங்களைக் கண்டறியும் ராடார் குழுவை அனுப்பினோம். ஐஎஸ் அமைப்புக்கு எதிரான கூட்டணிக்குப் படப் பகுப்பாய்வுக் குழுவையும் எரிபொருள் நிரப்பும் விமானத்தையும் தந்தோம். படப் பகுப்பாய்வாளர் ஒரு கட்டடத்தைப் பார்த்து அது என்ன என்று சொல்கிறார். அந்தச் சொல் எங்கோ ஓர் இலக்குத் தீர்மானத்தில் போய்ச் சேர்கிறது. கூட்டணியின் மற்ற உறுப்பினர்கள் டப்ளின் அளவுகோலில் வேலை செய்யும்போது நம் வீரர்களுக்கும் அதே அளவுகோல் தெரிந்திருக்க வேண்டும்.

"கட்டுப்படுத்தாத பிரகடனத்தால் என்ன பயன்? ரஷ்யாவும் இஸ்ரேலும் சேரவில்லையே" என்பது இன்னொரு கேள்வி. காஸாவையும் மரியுபோலையும் பார்த்த பிறகு அந்தக் கேள்வியில் உள்ள வலியை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நடைமுறை அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. ஆப்கானிஸ்தானில் நேட்டோ தலைமையிலான படை 2008இல் பொதுமக்கள் பாதிப்பைப் பதிவுசெய்யும் பிரிவை அமைத்தது. 2012இல் மக்கள் குடியிருக்கும் வீடுகள்மீதான வான்தாக்குதலுக்குக் கடுமையான வரம்பு விதித்தது. எந்த ஒப்பந்தமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. எண்ணிக்கை கையில் இருந்ததால் தளபதிகளுக்கு எங்கே தவறு நடக்கிறது என்று தெரிந்தது. எண்ணாத படை திருந்தாது.

சிங்கப்பூரின் சொல்லுக்கு விளைவு உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது. 2015இல் நம் தற்காப்புத் தளவாட நிறுவனமான எஸ்டி எஞ்சினியரிங் கண்ணிவெடிகளையும் கொத்துக்குண்டுகளையும் தயாரிப்பதை நிறுத்தியதாக அறிவித்தது. 2023 மே மாதம் மியன்மாருக்கான ஐநா சிறப்பு அறிக்கையாளர், சிங்கப்பூரில் இயங்கிய நிறுவனங்கள்வழி ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அந்நாட்டு ராணுவத்துக்கு 254 மில்லியன் டாலர் மதிப்புள்ள பொருள்கள் போனதாகக் கூறினார். அதற்கு முந்தைய மாதம்தான் சகாயிங்கின் பாஸிஜீ கிராமத்தில் வான்தாக்குதலில் 160க்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள். நம் அரசாங்கம் விசாரித்தது. அடுத்த ஆண்டு அறிக்கையில் அதே அறிக்கையாளர், சிங்கப்பூர்வழி போன பொருள்கள் ஏறக்குறைய 90 விழுக்காடு குறைந்ததாக எழுதினார். 2023 அக்டோபரிலும் டிசம்பரிலும் காஸா குறித்த ஐநா பொதுச் சபைத் தீர்மானங்களுக்கு ஆதரவாக வாக்களித்தோம். 2024 மார்ச்சில் நம் சி-130 விமானம் காஸாவுக்கு உதவிப் பொருள்களை வானிலிருந்து இறக்கியது. உணவுப் பொட்டலத்தை இறக்கும் நாடு, அந்த ஊரை அந்த நிலைக்குத் தள்ளிய ஆயுதப் பயன்பாட்டைப் பற்றியும் தெளிவாகப் பேச வேண்டும்.

சேர்வது எப்படி? செயல்முறை எளிது. வெளியுறவு அமைச்சு அயர்லாந்து அரசாங்கத்துக்கு ஒப்புதலைத் தெரிவித்தால் போதும். நாடாளுமன்றத்தில் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. உண்மையான வேலை அதற்குப் பிறகு தற்காப்பு அமைச்சில் தொடங்கும். அதில் எங்களுக்கு முக்கியமாகப் படுபவை இவை.

பீரங்கிக்கும் வான்தாக்குதலுக்குமான கட்டளைகளில், மக்கள் வாழும் பகுதியில் வழிகாட்டப்படாத எறிகணையைப் பயன்படுத்த யார் அனுமதி தரலாம் என்பதை உயர்ந்த நிலைக்கு ஏற்ற வேண்டும். களத்தில் இருக்கும் இளம் அதிகாரி தானாக முடிவெடுக்கும் விஷயமாக அது இருக்கக்கூடாது. தன் படையினர் தாக்கப்படும் அவசர வேளையில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. திட்டமிட்ட தாக்குதலுக்கு உள்ள சோதனைகள் அப்போது கைவிடப்படுகின்றன. ஆகவே அந்த அவசர வேளைக்கான விதிதான் முதலில் எழுதப்பட வேண்டும்.

திருத்தக் குண்டுகளை ஊருக்கு வெளியே உள்ள வெற்றிடத்தில் சுட்டுப் பதிவுசெய்து, அங்கிருந்து கணக்கிட்டு இலக்குக்கு மாறுவதைப் பயிற்சியாக்க வேண்டும். முனைப்பொறித் தேர்வும் பாடத்தில் சேர வேண்டும். தலைக்குமேல் வெடிக்கும் முனைப்பொறி சில்லுகளை அகலப் பரப்பும். தாமதித்து வெடிப்பது சில்லுகளைக் கட்டடத்துக்குள் அடக்கும், ஆனால் கட்டடத்தை இடிக்கும். நிலத்துக்கடியில் போனால் தண்ணீர்க் குழாயை முறிக்கும். எல்லா இடத்துக்கும் சரியான ஒரே தேர்வு கிடையாது. சில வேளைகளில் வெடிமருந்தே இல்லாமலும் காரியம் முடியும். 2011இல் லிபியாவில் பிரெஞ்சு விமானப் படை கான்கிரீட் நிரப்பிய வழிகாட்டப்பட்ட குண்டுகளைக் கவச வாகனங்கள்மீது வீசியது. வாகனம் நொறுங்கியது, சுற்றுப்புறம் தப்பியது.

தாக்கக்கூடாத இடங்களின் பட்டியல் என்றால் மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டுத்தலம் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். தண்ணீர் பம்ப் நிலையம், கழிவுநீர் ஏற்ற நிலையம், துணைமின் நிலையம், அவற்றை இணைக்கும் தடங்கள் ஆகியவற்றையும் அதே வரைபடத்தில் குறிக்க வேண்டும். எதை அடித்தால் எத்தனை மருத்துவமனை இருளும் என்பதைச் சொல்லப் பொறியாளர்கள் தேவை. தேசிய சேவையாளர்களில் பொதுப் பயனீட்டுக் கழகத்திலும் மின்துறையிலும் வேலை செய்பவர்கள் ஏராளம். படையணிக்குத் தேவையான அறிவு ஏற்கெனவே சீருடைக்குள் இருக்கிறது.

சாஃப்டி சிட்டி நகர்ப்புறப் பயிற்சிக் களத்தில் கட்டடங்களுக்கு நடுவே சண்டையிடப் பழகுகிறோம். அங்கே பொதுமக்களாக நடிப்பவர்களையும் வைத்து, பயிற்சி முடிவில் எத்தனை "பொதுமக்கள்" பாதிக்கப்பட்டனர் என்பதையும் மதிப்பெண்ணில் சேர்க்கலாம். வெற்றி என்று எதை எண்ணுகிறோமோ அதைத்தான் வீரர்கள் பழகுவார்கள். கோ கெங் சுவீ தளபத்தியக் கல்லூரியில் மோசுல், ஹவிஜா விசாரணை அறிக்கைகளைப் பாடமாக வைக்கலாம். பொதுமக்கள் பாதிப்பைப் பதிவுசெய்யும் சிறு பிரிவு ஒன்று அமைதிக் காலத்திலேயே இருக்க வேண்டும். போர் தொடங்கிய பின் அமைப்பது எங்குமே தாமதமாகத்தான் முடிந்திருக்கிறது.

வெடிக்காதவற்றை அகற்றுவதில் நம் படைக்கு உண்மையான திறமை உண்டு. 2019 நவம்பரில் ஜியாக் கிம் ஸ்திரீட்டில் 50 கிலோ குண்டு, 2023இல் மேலே சொன்ன 100 கிலோ குண்டு, இரண்டுமே யாருக்கும் காயமின்றி அழிக்கப்பட்டன. போர் முடிந்து 78 ஆண்டுகள் கழித்தும் நிலத்தடியில் ஆபத்து இருந்தது என்பதையும் அவை காட்டின. நொம்பென்னில் ஆசியான் வட்டாரக் கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் இயங்குகிறது. கம்போடியாவும் லாவோசும் இன்றும் வயலைத் தோண்டப் பயப்படும் நாடுகள். அவற்றுக்கு நம் வெடிகுண்டு அகற்றும் பிரிவின் பயிற்றுநர்களை ஒழுங்காக அனுப்புவது, பிரகடனம் கேட்கும் ஒத்துழைப்பை நாம் நாளையே தொடங்கக்கூடிய வழி.

பிரகடனத்தில் சேர்ந்த நாடுகள் 2024 ஏப்ரலில் ஆஸ்லோவில் கூடித் தங்கள் ராணுவங்களின் நடைமுறைகளைப் பகிர்ந்துகொண்டன. நம் அளவுக்கு நெருக்கமாக வாழும் நாடு உலகில் மிகச் சில. அந்த மேசையில் நகரத்தைப் பற்றி அதிகம் சொல்லக்கூடியவர்கள் நாம்.

தற்காப்பு அமைச்சும் வெளியுறவு அமைச்சும் நாடாளுமன்றத்தில் தங்கள் செலவுத் திட்டத்தை முன்வைக்கும் அடுத்த விவாதத்தில் மூன்று கேள்விகளை எழுப்புமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். டப்ளின் பிரகடனத்தின் எந்தப் பத்தியை ஏற்பதில் சிங்கப்பூருக்குத் தடை இருக்கிறது? மக்கள் வாழும் பகுதிகளில் வெடி ஆயுதப் பயன்பாடு குறித்து ஆயுதப் படையிடம் எழுத்துபூர்வமான கொள்கை உண்டா, அதில் வெளியிடக்கூடிய பகுதி எது? தடை எதுவும் இல்லையென்றால் ஒப்புதல் கடிதம் எப்போது அனுப்பப்படும்?

இப்படிக்கு,
சிங்கப்பூர் வாசகர்கள் சிலர்